பாட்டு இல்லை, சண்டை இல்லை, கொலை மட்டும் உண்டு!
ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்த "அந்த நாள்"

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ஏ.வி.எம். நிறுவனத்தின் புதிய படம் ஒன்று வெளிவந்தது. பெயர் "அந்த நாள்". கதாநாயகன் சிவாஜி கணேசன்.

"பராசக்தி" வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சிவாஜி வாயைத் திறந்தால் வசனம் அருவி போலக் கொட்டும் என்பது நாடு அறிந்த சேதி. அதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது.

விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது. "டுமீல்!" என்று ஒரு சத்தம். சிவாஜி குண்டடி பட்டு விழுந்தார். செத்தே போனார்!

கதாநாயகன் முதல் காட்சியிலேயே காலி. இனி என்னத்தைப் பார்ப்பது? ரசிகர்கள் திகைத்தார்கள். சரி, பாட்டாவது வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. நடனம்? அதுவும் இல்லை. சண்டை? இல்லவே இல்லை.

"இது என்ன படம்!" என்று ஒரு கட்சி முணுமுணுத்தது. "இதுவல்லவா படம்!" என்று இன்னொரு கட்சி மெச்சியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த வழக்கு முழுதாகத் தீரவில்லை.

கொன்றது யார்?

கதை நடப்பது 1943-ம் ஆண்டு அக்டோபர் மாதம், இரண்டாவது உலகப் போர்க் காலம். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயம். அதற்கு முந்திய ஆண்டே, ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று பயந்து, சென்னைவாசிகள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் ஓடியிருந்தார்கள். படம் வந்தபோது அந்தப் பீதி ஜனங்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

ராஜன் ஒரு ரேடியோ என்ஜினீயர். அவர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை போலீசுக்கு ஓடுகிறார். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வருகிறார். இந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் படத்தின் கதையையும் எழுதியவர்.

சந்தேகம் ஐந்து பேர் மேல் விழுகிறது. மனைவி உஷா (பண்டரிபாய்), ராஜனின் தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு பழகிய நாட்டியக்காரி, புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்.

ஒருவர் மேல் ஒருவர் விரலை நீட்டுகிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அந்தக் கொலை மறுபடியும் திரையில் நடக்கிறது, ஆனால் வேறு மாதிரி. ராஜனும் ஆளுக்கு ஆள் மாறித் தெரிகிறார். ஒருவர் வாயில் நல்லவர். மற்றவர் வாயில் கல்நெஞ்சர். செத்த சிவாஜி படம் முழுவதும் வந்துகொண்டேதான் இருக்கிறார்! முதல் காட்சியோடு மனம் விட்டவர்களுக்கு இந்த ரகசியம் தெரியாமலே போயிற்று.

கொன்றது யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. இன்னும் படம் பார்க்காதவர்கள் வீட்டுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

ஒலிபெருக்கிக்கு என்ன வேலை?

படம் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களைப் பட்டிக்காடு என்று கேலி பேசியவர்கள் உண்டு. அது சரியல்ல. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதை அறிய அந்தக் காலத்துத் தருமபுரிச் சீமைக்குப் போக வேண்டும்.

அப்போது தருமபுரி தனி மாவட்டம் அல்ல. சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் எல்லாம் கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம். இப்படிப்பட்ட சீமைகளில் கிராமத்தாருக்குச் சினிமா என்றால் பெரும்பாலும் டூரிங் டாக்கீஸ்தான். கீற்றுக் கொட்டகையோ துணிக் கூடாரமோ போட்டிருப்பார்கள். உள்ளே மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. தரை டிக்கெட்டுக்குச் சில அணா.

பொழுது சாய்ந்ததும் கொட்டகையின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். வயல் காட்டில் இருப்பவர் காதில் அது விழும். பாட்டுத்தான் அழைப்பு. பாட்டு நின்றால் படம் ஆரம்பம் என்று பொருள். வண்டியில் வருகிறவர்கள் மாட்டை விரட்டுவார்கள்.

கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். முன்பக்கம் கதைச் சுருக்கம் இருக்கும். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்ததும், மீதியை வெள்ளித் திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். படித்தவர் ஒருவர் பாட, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள் அவரோடு சேர்ந்து விரல் வைத்துப் படிப்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தைவிட இந்தப் புத்தகத்தை ஆசையாகப் படித்தவர்கள் எத்தனையோ பேர்!

பாட்டே இல்லாத படத்துக்குப் பாட்டுப் புத்தகம் ஏது? இசைத்தட்டு ஏது? ஒலிபெருக்கிக்குத்தான் என்ன வேலை? மற்றப் படம் ஊருக்குள் வருமுன்பே அதன் பாட்டு வந்துவிடும். "அந்த நாள்" போன்ற படமோ ஊமையாக வந்து நிற்க வேண்டியதுதான். பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது முணுமுணுக்கவும் ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. தருமபுரிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். பாட்டையும் கத்திச் சண்டையையும் ரசிக்கப் பாஷை தேவையில்லை. "அந்த நாள்" முழுக்க முழுக்கப் பேச்சு. ஒரு வார்த்தை நழுவினால் கதையே நழுவிவிடும்.

மர்மக் கதை என்பதால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. டி. ஆர். சுந்தரம் நடத்திய பெரிய ஸ்டூடியோ. 1950-ல் "திகம்பர சாமியார்" அங்கிருந்துதான் வந்தது. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாவல் அது. எம். என். நம்பியார் பதினொரு வேடங்களில் தோன்றி அசத்தினார். சிவாஜி கெட்டவனாக நடிப்பதும் புதிதல்ல. 1953-ல் அதே மாடர்ன் தியேட்டர்சின் "திரும்பிப் பார்" படத்தில் அப்படி நடித்திருந்தார். ஆக, மர்மமும் பழக்கம், கெட்ட கதாநாயகனும் பழக்கம். பாட்டு இல்லாததுதான் பழக்கமில்லை!

சிரிக்கலாமா, கூடாதா?

படத்தில் நகைச்சுவை உண்டு. ஆனால் அது ஒளிந்துகொண்டு வருகிறது.

மற்றப் படங்களில் சிரிப்புக்கு என்று தனி ஆள் இருப்பார். என். எஸ். கிருஷ்ணனும் மதுரமும் திரையில் வந்தால் போதும், சிரிக்க வேண்டிய நேரம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அவர்கள் போனதும் கதை மறுபடியும் அழ ஆரம்பிக்கும்.

"அந்த நாள்" படத்தில் அப்படிப் பிரிவினை இல்லை. சின்னையா பிள்ளையாக நடித்த பி. டி. சம்பந்தத்தின் பதற்றமே சிரிப்பு மூட்டும். துப்பறியும் சிவானந்தம் குறும்பாகப் பேசியபடியே கிடுக்கிப்பிடி போடுவார். அந்த வீட்டில்தான் சற்று முன் ஒரு உயிர் போயிருக்கிறது. எழவு வீட்டில் சிரிக்கலாமா என்று சிலருக்குத் தயக்கம். சிரிப்புப் படம் என்று சேர்ப்பதா, பயப் படம் என்று ஒதுக்குவதா? இரண்டிலும் சேராததால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்டது.

இருட்டும் ஒரு நடிகர்

ஒளிப்பதிவாளர் மாருதிராவ். இருட்டையே ஒரு நடிகராக்கிக் காட்டினார். சுவரில் நிழல் விழும். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் கறுப்பு. காமிரா சாய்ந்து பார்க்கும். பட்டணத்துத் தியேட்டரில் இது மெய்சிலிர்க்க வைத்தது.

கீற்றுக் கொட்டகையிலோ பக்கவாட்டில் நிலா வெளிச்சம் புகும். ஓயில் என்ஜின் திணறினால் திரையும் மங்கும். அங்கே நிழல் படம் எடுத்தால் நிழல்தான் தெரியும்! அது படத்தின் குற்றமும் அல்ல, பார்த்தவர் குற்றமும் அல்ல.

ஆனால் அதே கொட்டகையில் ஒரு வசதியும் உண்டு. அநேகமாக ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். அதனால் சுருள் மாற்ற நாலு இடைவேளை. மர்மப் படத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்குக் கடித்தபடி கொலைகாரன் யார் என்று பந்தயம் கட்டலாம்.

படத்தை மெச்சிய கட்சிக்கு இந்த வாதமே போதுமாக இருந்தது. தம்பியா, மனைவியா என்று வீட்டுக்குப் போயும் பேசினார்கள். பாட்டு நடுவில் புகுந்து கதையைக் கெடுக்கவில்லை என்று பாராட்டினார்கள். கண்ணால் கண்டதை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வது தினமும் பஞ்சாயத்தில் நடப்பதுதானே!

பாட்டை ஒதுக்கிய வித்துவான்

இந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் யார் என்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எஸ். பாலசந்தர். ஆம், வீணை வித்துவான் பாலசந்தரேதான்! இசையிலேயே மூழ்கியவர், படத்தில் பாட்டே வேண்டாம் என்றார். அப்போது அவருக்கு வயது 27.

ஜப்பானியப் படமான "ராஷோமோன்" பார்த்த பிறகு பிறந்த எண்ணம் இது. அகிரா குரோசாவா 1950-ல் எடுத்த படம். அதிலும் ஒரு சாவு, ஆளுக்கு ஒரு கதை. 1951-ல் வெனிஸ் பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. ஆனால் சொந்த நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? கதை விளங்கவில்லை என்று குரோசாவாவின் உதவி டைரக்டர்களே அவரிடம் வந்து நின்றார்களாம். படக் கம்பெனித் தலைவருக்கும் பிடிக்கவில்லையாம். குரோசாவா தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஜப்பானிலேயே அப்படி என்றால் நம் ஊர்த் தரை டிக்கெட்டுக்காரரைக் குறை சொல்வானேன்? "அந்த நாள்" அவ்வளவு கடுமையும் அல்ல. கடைசியில் விடையைச் சொல்லிவிடுகிறது.

முதல் வெளியீட்டில் எதிர்பார்த்த வசூல் இல்லை. ஆனால் 1954-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில், தமிழில் இரண்டாவது சிறந்த படம் என்று நற்சான்றிதழ் பெற்றது. மறுபடி திரையிட்டபோது ஜனங்கள் வந்து பார்த்தார்கள்.

முதல் இடம் எந்தப் படத்துக்கு? எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்"! நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய கதை. நாமக்கல்லும் அன்று சேலம் ஜில்லாதான். பாட்டு, சண்டை, குதிரை எல்லாம் உள்ள படம். தருமபுரிக் கொட்டகையில் ஓட்டெடுத்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது.

பத்து ஆண்டுக்குப் பின்

பாலசந்தர் ரசிகர்களின் குறையைக் காதில் போட்டுக்கொண்டார் போலும். 1964-ல் "பொம்மை" என்ற படம் எடுத்தார். இதுவும் கறுப்பு வெள்ளை, இதுவும் திகில். வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைக்குக் கை மாறிப் போகிறது. எப்போது வெடிக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடுநடுவே சிரிப்பு. இந்தத் தடவை பாட்டும் இருந்தது! ஜேசுதாஸ் பாடிய முதல் தமிழ்ப் பாட்டாக ரசிகர்கள் கேட்டது இந்தப் படத்தில்தான். படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க, நடிகர்களையும் தொழில் நிபுணர்களையும் கடைசியில் அவரே அறிமுகம் செய்தார்.

பிறகு 1970-ல் "நடு இரவில்" வந்தது. சௌகார் ஜானகி, மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சோ நடித்தது. ஒரு பெரிய வீட்டில் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சோவின் கேலியும் சாவும் அடுத்தடுத்து வரும். அதிலும் பாட்டு உண்டு.

பாட்டில்லாப் படம் மட்டும் அபூர்வமாகவே இருந்தது. ஜெயகாந்தன் 1965-ல் "உன்னைப்போல் ஒருவன்" எடுத்தார். பாலு மகேந்திரா 1988-ல் "வீடு" தந்தார். 1995-ல் கமல்ஹாசனின் "குருதிப்புனல்" வந்தது. 2019-ல் வந்த "கைதி" படத்திலும் பாட்டு இல்லை. அது தீபாவளிக்கு வந்து சக்கைப்போடு போட்டது. பாட்டு எங்கே என்று கேட்டவர்கள் அதிகம் இல்லை.

"அந்த நாள்" படத்தை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். நிலா வெளிச்சம் குறுக்கே வராது. வேண்டிய இடத்தில் நிறுத்தி, வீட்டில் உள்ளவர்களிடம் பந்தயமும் கட்டலாம். ஆனால் ஏற்கெனவே படம் பார்த்த தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளக் கூடாது. கொலைகாரன் பெயர் அவர் வாயில் நிற்காது!