தண்டவாளம் காக்கிறவர் பகலில் தூங்கட்டும்!

லப்பைக்குடிக்காட்டில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ரயில் ஏறணும்னா வெள்ளாற்றைத் தாண்டி, திட்டக்குடி வழியாகப் பெண்ணாடம் போகணும். ஆனாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் 'ரயில் வேலை' என்ற பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் சுரங்க ரயில் பாதையில் வேலை. இன்னொருவன் சென்னை மெட்ரோவில், ஒப்பந்தக்காரரிடம்.

'சம்பளம் எவ்வளவு?' என்று எல்லோரும் கேட்கிறோம். அந்த வேலை உடம்பை என்ன செய்யும், அதற்கு வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்யணும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

என்ன வேலை அது?

முன்பு கேங்மேன் என்றார்கள். இப்போது 'டிராக் மெயின்டெய்னர்'. பெயர் மாறினாலும் வேலையின் அடிப்படை அதேதான். ஜல்லியை இறுக்குவது, கான்கிரீட் கட்டைகளைச் சரிசெய்வது, கிளிப் கழன்றிருந்தால் அடித்துப் பொருத்துவது, தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது.

எடையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். இன்று பெரும்பாலும் போடப்படும் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 60 கிலோ. ஒரு கான்கிரீட் கட்டை 250 கிலோவுக்கு மேல். எந்திரங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனாலும் கடப்பாரையும் சுத்தியலும் மனிதன் கையை விட்டுப் போகவில்லை.

இவர்களில் 'கீமேன்' என்று ஒருவர் இருப்பார். தன் பங்குக்கு உள்ள பாதையைத் தினமும் நடந்தே பார்த்து வருவது அவர் வேலை. வெயில் காலத்தில் ஒரு காவல், மழைக் காலத்தில் ஒரு காவல், குளிர் காலத்தில் ஒரு காவல் என்று தனித்தனி ரோந்தும் உண்டு.

காரணம் இருக்கிறது. சூட்டில் இரும்பு நீளும். கட்டுப்பாடில்லாமல் விட்டால், 1 கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி வெப்பம் கூடும்போது சுமார் 34 சென்டிமீட்டர் நீண்டுவிடும்! ஜல்லியும் கட்டையும் கிளிப்பும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடி தளர்ந்தால் பாதை வளைந்துவிடும். குளிரில் இரும்பு சுருங்கும். அப்போது வெல்டிங் விட்டுப்போகும் அபாயம்.

மருதையாறு சொன்ன பாடம்

மழைக் காவல் ஏன் என்பதை அரியலூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23, விடியற்காலை. மருதையாற்றில் வெள்ளம். பாலத்தருகே பாதை அரிக்கப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

ராஜினாமாவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். மழையில் கையில் விளக்கோடு நடந்து, பாதையைப் பார்க்கிற மனிதனை யாரும் நினைப்பதில்லை. நாம் பெர்த்தில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறோம் என்றால், யாரோ ஒருவர் அந்த நேரத்தில் கண்விழித்து நடக்கிறார் என்று அர்த்தம்.

உடம்புத் தகுதி என்ன?

ரயில்வேயில் இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. போதும். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு உடல் திறன் தேர்வு. ஆண்கள் 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, கீழே வைக்காமல், 100 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்கணும். பிறகு 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடிக்குள் ஓடணும். பெண்களுக்கு 20 கிலோ எடை, அதே 100 மீட்டர், அதே 2 நிமிடம். 1,000 மீட்டர் ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 விநாடி. இரண்டிலும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

'போலீஸ் வேலையா, ஓடிக் காட்டச் சொல்ல?' என்று கேலி பேசாதீர்கள். பாதையில் ஆபத்து என்று தெரிந்தால், ஊழியர் ரயில் வரும் திசையில் ஓடணும். 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தின் மேல் பட்டாசு சிக்னல் வைக்கணும். அகலப் பாதைக்கு விதி அது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் 30 மீட்டர் பாய்ந்துவிடும். இப்போது அந்த ஓட்டத்தின் மதிப்பு புரிகிறதல்லவா?

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. பல பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். இந்த வேலைக்கு 'பி-1' என்ற தரம். கண்ணாடி போட்டிருக்கலாம், ஆனால் பவர் 4-க்கு மேல் போகக்கூடாது. தூரப்பார்வை, நிறப்பார்வை, இரவுப் பார்வை, பக்கவாட்டுப் பார்வை எல்லாம் சரியாக இருக்கணும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாத பிறவி நிறக்குறைபாட்டுக்கு எந்த மருத்துவத்திலும் மருந்து இல்லை. சித்த மருத்துவத்திலும் இல்லை. 'மூன்று மாதத்தில் சரியாக்குகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, கண் டாக்டரிடம் புள்ளிப் படப் புத்தகத்தை வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஐந்தே நிமிஷ வேலை. குறை இருந்தால் வேறு வேலைக்குப் படிக்கலாம். இரண்டு வருஷம் மிச்சம்.

பூமிக்கு அடியில்...

சென்னையில் சுரங்கப் பாதையில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2017 மே 14-ல். சிங்கப்பூரில் 1987-லேயே எம்.ஆர்.டி. வந்துவிட்டது. சுரங்கப் பாதையில் வெயில் இல்லை, மழை இல்லை. ஜல்லியும் பெரும்பாலும் இல்லை. தண்டவாளத்தைக் கான்கிரீட் தளத்திலேயே பொருத்தியிருப்பார்கள். 'சுகமான வேலை போல' என்று தோன்றும்.

ஆனால் பாருங்கள், பகலெல்லாம் சில நிமிடத்துக்கு ஒரு ரயில். ஆகவே பழுது பார்ப்பது பெரும்பாலும் கடைசி ரயில் போன பிறகுதான். முதல் ரயில் வரும் முன் எல்லாம் முடிந்திருக்கணும். கடைசி வண்டி ஒதுங்கி, மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதை உறுதி செய்து உள்ளே இறங்குவதற்குள் நேரம் கரைந்துவிடும். சிங்கப்பூரில் உண்மையில் வேலைக்குக் கிடைப்பது ஓர் இரவில் சுமார் மூன்றரை மணி நேரம்தான். வெளியே வரும்போது கொண்டுபோன கருவிகளை எண்ணிச் சரிபார்க்கணும். ஒரு ஸ்பானர் உள்ளே விட்டுப்போனால் காலையில் விபத்து!

மின்சாரமோ லேசுப்பட்டதல்ல. சென்னை மெட்ரோவில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். சிங்கப்பூரின் பெரும்பாலான பாதைகளில் தண்டவாளத்தை ஒட்டியே, காலடி உயரத்தில், 750 வோல்ட் பாயும் மூன்றாவது தண்டவாளம்.

2016 மார்ச் 22-ல் சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் ஸ்டேஷன் அருகே, பாதையோரம் கருவி ஒன்றைப் பார்க்கப் போன குழுவில் இரண்டு இளம் பயிற்சி ஊழியர்கள் ரயில் மோதி இறந்தார்கள். 2024 நவம்பர் 2-ல் கேரளாவின் ஷொரணூரில், ரயில் பாலத்தில் குப்பை அகற்றிக் கொண்டிருந்த தமிழகத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் நான்கு பேரை எக்ஸ்பிரஸ் ரயில் அடித்துச் சென்றது. பாதையில் நிற்கிற மனிதனுக்கு ஒரு கணம்தான் கணக்கு. அந்தக் கணத்தில் காது கேட்கணும், கண் பார்க்கணும், கால் நகரணும். மூன்றையும் மந்தமாக்குவது எது தெரியுமா? தூக்கக் குறைவு!

பகலே அவர்களுக்கு இரவு

'பகலெல்லாம் தூங்கியே கழிக்கிறான் டாக்டர். சுறுசுறுப்பா இருக்க ஏதாச்சும் லேகியம் குடுங்களேன்' என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. பிள்ளைக்கு ராத்திரி டியூட்டி என்பது இரண்டாவது கேள்வியில்தான் தெரியவரும். அம்மா, அவனுக்கு லேகியம் வேண்டாம். இருட்டறை ஒன்று கொடுங்கள், போதும்!

சித்த மருத்துவம் பகல் தூக்கம் ஆகாது என்றுதானே சொல்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். இரவில் நன்றாகத் தூங்கிவிட்டுப் பகலிலும் படுப்பவருக்குச் சொன்னது அது. அதே சித்த மருத்துவம், அடக்கக்கூடாத 14 வேகங்களில் நித்திரையையும் ஒன்றாக வைத்திருக்கிறது. இரவெல்லாம் கண்விழித்தால் வாதமும் பித்தமும் கெடும் என்பதும் அதன் வாக்குதான். தலைவலி, கண் எரிச்சல், மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், காரணமில்லாத கோபம் எல்லாம் வரிசையாக வரும்.

நவீன ஆராய்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போல ஆகிவிடும் என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 30 மில்லிகிராம். காலையில் ஏழு மணிக்கு எழுந்து, கல்யாண வீடு, கடை கண்ணி என்று அலைந்துவிட்டு, இரவு டியூட்டிக்குப் போகிறவர் நள்ளிரவில் எந்த நிலையில் இருப்பார்? ஒரு சொட்டு குடிக்காமலே தள்ளாடுகிறார்!

ஆகவே வேலை முடிந்து வந்ததும் ஏழு மணி நேரத் தூக்கம் கட்டாயம். ஒரே மூச்சில் முடியாவிட்டால், காலையில் ஐந்து மணி நேரம், டியூட்டிக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக் கொள்ளலாம். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி. செல்போன் வேறு அறையில். தூங்குவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்திவிடணும். விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு டூவீலர் ஓட்டி வருவது கூடவே கூடாது, பஸ்தான் நல்லது.

என்ன சாப்பிடலாம்?

நடு ராத்திரியில் வயிறும் தூங்கத்தான் பார்க்கும். புரோட்டா, பிரியாணி என்று நிரப்பினால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். கிளம்பும் முன் அளவான சாப்பாடு. நடுவில் இட்லி, வாழைப்பழம், சுண்டல் போல லேசாக. வந்து படுக்கும் முன் கஞ்சி அல்லது இரண்டு இட்லி. வெறும் வயிற்றோடு படுக்க விடாதீர்கள்.

வெயிலில் பாதையில் நிற்பவருக்கு உப்புப் போட்ட நீர்மோர், கேழ்வரகுக் கூழ், பழைய சோற்றுத் தண்ணீர் எல்லாம் கைகண்ட பானங்கள். சர்க்கரை நோய் இல்லாதவர் பானகமும் குடிக்கலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர் உப்பைக் குறைத்துக் கொள்ளணும்.

ரமலான் மாதத்தில் நோன்பிருந்து இந்த வேலைக்குப் போகிறவர்கள், இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நிறையத் தண்ணீர் குடிக்கணும். தூக்கத்தையும் முன்கூட்டியே திட்டமிடணும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றவே கூடாது.

எண்ணெய்க் குளியல் எப்போது?

வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல் உடம்புச் சூட்டுக்கு நல்லது. ஆனால் அன்று உடம்பு அசதியாக இருக்கும். பகலில் தூங்கவும் கூடாது என்பது முறை. ஆகவே இரவுப் பணி உள்ள நாளில் வேண்டாம். வார விடுமுறையில், அன்று இரவும் வீட்டில் படுக்கிற நாளில் மட்டும் குளிக்கட்டும்.

இடுப்பு, தோள் வலிக்கு உளுந்துத் தைலம் தடவி, நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கலாம். தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணத்தைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவதும், சளிக்கென்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போவதும் வேண்டாம். சளி மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. எந்த மருந்து வாங்கினாலும், 'பாதையில் நிற்கிற வேலை' என்று வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

பெண்கள் கவனத்துக்கு

இப்போது பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். பாதையோரத்தில் கழிப்பறை ஏது? அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும், சிறுநீரை அடக்கியும் இருந்தால், நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று, கல் என்று வரிசையாக வரும். 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று! பக்கத்து ஸ்டேஷன், கேட் அறை எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

* டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது, காதில் 'ஙொய்' என்ற இரைச்சல். ரயில் வரும் சத்தம் கேட்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

* அதிரும் எந்திரம் பிடிக்கிறவருக்கு விரல் மரத்து வெளுத்துப் போவது.

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இளைப்பு. ஜல்லித் தூசும் தண்டவாளம் தேய்க்கும்போது வரும் தூசும் நுரையீரலுக்கு ஆகாதவை. சரியான முகமூடி கட்டாயம்.

* பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குவது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது.

* வெயிலில் வேர்வை நின்று, பேச்சு குழறினால் அது வெப்ப மயக்கம். நெஞ்சுவலியும் அப்படித்தான். இரண்டுக்கும் கைவைத்தியம் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

வீட்டில் இருப்பவர்களுக்கு...

அவர் தூங்கும் நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். மிக்ஸி, டி.வி., பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் அதற்கேற்ப. சிலிண்டர்காரர் வந்தாலும், சொந்தக்காரர் வந்தாலும் எழுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போடும் முன், இங்கே என்ன மணி என்று பார்க்காதீர்கள். அவன் ஷிப்ட் என்ன என்று பாருங்கள். பகல் பத்து மணிக்கு அத்தா பாசத்தோடு பேசுகிற அரை மணி நேரம், அன்று ராத்திரி அவன் கண்ணில் தூக்கமாக நிற்கும்.

ஹெல்மெட், ஒளிரும் சட்டை, காவலுக்கு ஒரு ஆள், இதையெல்லாம் கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவர் கடமை. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கணும். ஆனால் தூக்கத்தை எந்தக் கம்பெனியும் பார்சல் கட்டிக் கொடுக்க முடியாது. அதை வீடுதான் கொடுக்கணும். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போனால், பத்திரமாக வீடு திரும்புவார். அவர் காக்கும் பாதையில் போகிற நாமும்தான்!