நிலத்துக்கேற்ற இசைவு

ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிற் பயணஞ்செய்தார், இருமருங்கும் நீண்ட மதில்களையும், அவற்றினுள் வரிசை வரிசையாய் நிறுத்தப்பெற்ற புதிய ஊர்திகளையும் கண்டிருப்பர். அவ்வட்டாரத்திற் செய்யப்பெறும் கார்களுள் நம் நாட்டுக்குரியவற்றின் திருப்புசக்கரம் வலப்புறம் இருக்கும். சாலையின் வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்குக் கப்பலேறுவனவற்றிலோ அஃது இடப்புறம் இருக்கும். செல்லும் நிலத்துக்கேற்பப் பொருளை மாற்றுதல் வணிகருக்கு இயல்பு. இணையத்தளங்களும் இவ்வாறே தம்மிடம் வருவோர் நிற்கும் நிலமறிந்து தம் ஒழுகலாற்றை மாற்றிக்கொள்கின்றன. இம்மாற்றத்தால் நமக்கு விளைவது யாதென ஆராய்வதே எம் கருத்து.

‘குக்கி’ என்பது ஆங்கிலத்தில் ஒருவகைத் தின்பண்டத்தின் பெயர். இணையத்திலோ அது, நாம் காணும் தளம் நம் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ விட்டுச் செல்லும் சிறு குறிப்பாகும். 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மொண்டுல்லி என்பார் இதனை அமைத்தார். கடைத்தளத்திற் கூடையில் இட்ட பொருளை, நாம் அடுத்த பக்கம் புரட்டும்பொழுதும் தளம் மறவாதிருத்தற்கு இஃது உதவிற்று. நாளடைவில் விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் தம் குக்கிகளை வைத்து, ஒருவர் எதனைப் படித்தார், எதனை விரும்பினார், எதனை வாங்காது விடுத்தார் என்பனவற்றைக் கோத்தறியலாயின. நினைவுக்கென வந்தது வேவுக்கு ஆயிற்று.

இதனைத் தடுக்க ஐரோப்பியர் 2002-இல் ஒரு நெறிமுறை வகுத்து, 2009-இல் அதனைத் திருத்தி, இன்றியமையாதன ஒழிந்த குக்கிகளுக்கு முன்னரே இசைவு பெறல் வேண்டும் என்றனர். தனியார் தரவுகளைக் காக்கும் பொதுச்சட்டம் 2018 மே 25 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. முன்னமே குறியிட்டு வைத்த கட்டத்தை அழியாது விடுதல் இசைவாகாது என 2019 அக்டோபர் 1-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்றற்கு ஒரு தொடுகையும் மறுத்தற்குப் பல தொடுகையும் வைத்த குற்றத்துக்காகக் கூகுள் நிறுவனம் 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக் 6 கோடி யூரோவும் செலுத்துமாறு பிரெஞ்சு நாட்டு ஆணையம் விதித்த செய்தி 2022 ஜனவரியில் வெளிவந்தது. கலிபோர்னியாவில் 2020-இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ வேறு வகையினது: முதலில் திரட்டலாம், ஆயின் ‘என் தகவலை விற்காதே’ என்று சொல்ல வழிவிடல் வேண்டும்.

இனி, நாம் நிற்கும் நிலத்தைத் தளம் எங்ஙனம் அறியும்? இணையத்தோடு தொடர்புறும் ஒவ்வொரு கருவியும் ஐ.பி. எண் என்பதொன்றைக் கொண்டே தொடர்புறும். எவ்வெண்கள் எந்நாட்டு நிறுவனங்களுக்கு வழங்கப்பெற்றன என்னும் அட்டவணைகள் உள. வருபவரின் எண்ணை அவற்றில் ஒப்புநோக்கி, ஜெர்மானியருக்கு வினாப்பலகையை முன்வைத்து, விடை வருமளவும் விளம்பரக் குக்கிகளை நிறுத்திவைக்கும். சட்டம் வற்புறுத்தாத நாட்டினருக்கு ஒன்றும் வினவாது அவற்றை உடனே இடும். நாட்டளவில் இவ்வூகம் பெரும்பாலும் பிழைபடாது, ஊரளவிற் பிழைபடும். ஒரகடத்திலிருந்து பேசும் கைப்பேசியைச் சென்னையில் உள்ளதாகவோ, வேறொரு மாநிலத்தில் உள்ளதாகவோ கொள்ளுதலும் உண்டு. வி.பி.என். பயன்படுத்துவாரிடத்து நாட்டளவிலும் பிழைபடும். இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுளது. ஐரோப்பியச் சட்டம் ஒருவர் அங்கு இருத்தலை நோக்கும், குடியுரிமையை நோக்காது. கலிபோர்னியச் சட்டமோ அங்கு வாழ்பவர் சிலநாள் வெளியூர் சென்றிருப்பினும் அவரைக் காக்கும். எண்ணொன்று ஒருவருடைய வீடு எதுவெனச் சொல்லுமோ?

எம் வகுப்புத் தோழர் ஒருவரின் தமையனார் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிபவர். பயிற்சியின்பொருட்டு நான்கு திங்கள் ஜெர்மனியில் தங்கியிருந்தார். ஆங்கு ஒரு செருப்புக் கடையின் தளத்தைத் திறந்தபொழுது, மறுக்கும் பொத்தானும் ஏற்கும் பொத்தானும் ஒரே அளவில் எதிர்நின்றன, மறுத்தார். ஊர் திரும்பியபின் அதே கைப்பேசியில் அதே கடையைத் திறந்தார்; வினாவே எழவில்லை. மறுநாள் தொடங்கி அச்செருப்பின் படம் அவர் படித்த செய்தியிலும் கேட்ட பாட்டிலும் உடன்வந்தது. ‘விமானத்தில் வரும்போது என்ன தொலைத்தேன்?’ என்று அவர் நகைத்தார். எமக்கு நகை வரவில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தது தமிழ் பயில்வோராகிய எமக்கு ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. ஆங்கு நிலத்துக்கேற்ப ஒழுக்கம் வேறுபடுதல், அந்நிலத்து மாந்தர்தம் வாழ்வு வேறுபடுதலான். ஈண்டோ ஆளும் ஒருவரே, விருப்பும் ஒன்றே. தண்டம் எந்நிலத்தில் உண்டு என்பது மட்டுமே வேறு.

இவ்வேறுபாட்டை அவ்வட்டாரம் முன்னமே கண்டதுண்டு. இருங்காட்டுக்கோட்டையிற் செய்த ஐ10 என்னும் காரும், ஒரகடத்திற் செய்த டாட்சன் கோ என்னும் காரும் 2014-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதற் சோதனையிற் காற்றுப்பை இல்லாத நிலையில், பெரியோர் பாதுகாப்பிற்கு ஒரு விண்மீனும் பெறவில்லை. காற்றுப்பை செய்யத் தெரியாமையால் அன்று. அந்நாளில் நம் சட்டம் அதனைக் கேளாமையால். 2019 ஜூலை முதல் ஓட்டுநர்க்கு அது கட்டாயமாயிற்று; வண்டிகளிலும் வந்தது. திருப்புசக்கரம் நிலத்துக்கேற்ப மாறுதல் தகும். காற்றுப்பை மாறுதல் தகுமோ? இசைவு வினவுதல் இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்பதே வினா. காற்றுப்பையைச் சாரும் என்பது எம் துணிபு.

நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்து ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்புரைத்தனர். அதன்பின் 2023-இல் தனியார் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. இசைவு பற்றிய பகுதிகள் பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமென அவ்விதிகள் வகுத்தன. குக்கி என்னும் சொல் அச்சட்டத்தில் இல்லை. ஆயினும் ஒருவரை இன்னாரென அறியவுதவும் மின்தரவு அனைத்தும் அதனுள் அடங்கும். பிறநாட்டுத் தளமாயினும் இங்குள்ளார்க்குப் பொருள் விற்குமேல் அதற்கும் பொருந்தும். இசைவைத் தருதல் எத்துணை எளிதோ, திரும்பப் பெறுதலும் அதனோடு ஒப்ப எளிதாதல் வேண்டும். பதினெட்டு நிரம்பாதாரைப் பின்தொடர்தல் பொதுவாக விலக்கப்பெற்றுள்ளது. (நம் முதலாண்டு மாணவர் சிலரும் இதனுட்படுவர். அவர் வயதை அறியத் தளம் இன்னும் எத்தனை வினவுமோ!) எமக்கு மிக உவப்பானது, அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறும் உரிமை. அவற்றுள் தமிழும் ஒன்று.

ஆதலின் அத்தகைய அறிவிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று யாம் தோழர் இருவருடன் அமர்ந்து, ஒரு மாலை முழுதும் முயன்றோம். ‘தரவு’, ‘இசைவு’, ‘நோக்கவரையறை’ என்னும் சொற்கள் எம் பெருமிதத்துக்கு உரியனவாயின. தோழரின் சிற்றன்னை மகளார் சுங்குவார்சத்திரத்தில் மின்கருவி கோக்கும் தொழிலாளர். விடுதியில் தங்கி, ஓய்வு நாளிற் கைப்பேசியிலேயே துணிமணி வாங்குபவர். அவரிடம் எம் அறிவிப்பைக் காட்டினோம். இருமுறை படித்தார். பின்பு தம்பியை நோக்கி, ‘எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. வேண்டாம்னு சொல்ல எங்கே தொடணும்?’ என்றார். பன்னிரண்டு வரி எழுதிய யாம் அதனை மட்டும் எழுத மறந்திருந்தோம். அன்றிரவே ஏட்டின் தலைப்பில் இரண்டு கட்டங்கள் வரைந்து, ஒன்றில் ‘சரி’ என்றும் மற்றதில் ‘வேண்டாம்’ என்றும் ஒரே அளவில் எழுதினோம்.