பனிக்காலத்துக் கொல்லையில் ஒரு பந்தி

நவம்பர் பிறந்தால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்கு வீடு கொல்லையில் தீனிக்கூண்டு தொங்கும். மேப்பிள் மரங்கள் மொட்டையாகி, பூச்சி புழுவெல்லாம் அடங்கிவிட்ட நேரம். வடக்கே ஊசியிலைக் காடுகளில் கோடையைக் கழித்த ஜங்கோ குருவிகள் வந்திறங்கி, கூண்டுக்கடியில் சிந்திய தினையைப் பொறுக்கும்.

நான் சொக்கிப்போய்ப் பார்ப்பது கருந்தொப்பிச் சிக்கடியைத்தான். எடை சுமார் 11 கிராம். எத்தனை குளிரிலும் தெற்கே போகாது. கூண்டில் உட்கார்ந்து தின்னும் பழக்கம் அதற்கில்லை. ஒரே ஒரு சூரியகாந்தி விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறக்கும். இரு கால்களாலும் அழுத்திப் பிடித்து, அலகால் தட்டி உடைத்துப் பருப்பை எடுக்கும். அடுத்த விதையைத் தின்னாமல் மரப்பட்டை இடுக்கில் செருகிவைக்கும். ஒளித்த இடங்களை வாரக்கணக்கில் மறப்பதில்லை. உறைபனி இரவுகளில் உடல் வெப்பத்தைப் பகல் அளவைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து விடியலைப் பிடிக்கிறது.

மஞ்சள் மங்கிப்போன கோல்ட்ஃபிஞ்ச் குருவிகளுக்குப் பிடித்தது பேயெள்ளு. நம் நாட்டு மலைப்பகுதிகளில் விளைந்து கப்பலேறும் அதே எண்ணெய்வித்துதான்! களைகள் முளைத்துவிடக் கூடாதென்று, சூடேற்றிய விதையை மட்டுமே அமெரிக்கா உள்ளே விடுகிறது.

1976-ல் ஒண்டாரியோவின் லாங் பாயின்ட் பறவை ஆய்வகம் கூண்டுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்க மக்களை அழைத்தது. 1987-ல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர, அது கண்டம் தழுவிய 'ஃபீடர்வாட்ச்' திட்டமானது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சமையலறை ஜன்னலோரம் நின்றே கணக்கு எழுதலாம்.

நாம் போடும் தீனியில்தான் இவை உயிர்வாழ்கின்றன என்று நினைக்க வேண்டியதில்லை. சிக்கடி தன் உணவில் பெரும்பங்கைக் காட்டிலேயே தேடிக்கொள்கிறது என்று விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. ஆனால் கொடுங்குளிர் மாதங்களில் கூண்டுத் தீனி கிடைத்தவை அதிகம் பிழைத்ததையும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த உதவி பெரிது.

பந்தி கூடும் இடத்தில் நோயும் கூடும். 1994-ல் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகள் கண் வீங்கிப் பார்வையிழந்து தடுமாறின. கோழிகளைத் தாக்கும் பாக்டீரியாதான் காரணம். அது கிழக்கு மாநிலங்களெங்கும் பரவிய பாதையைக் காட்டியவை, தீனி வைத்தவர்கள் அனுப்பிய குறிப்புகளே.

டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ இந்தக் குளிருக்குக் கூண்டு மாட்டும் வாசகர்களே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே தீனி நிரப்புங்கள். கண் வீங்கிய குருவி ஒன்று வந்தாலும் உடனே கூண்டை இறக்கிவிடுங்கள்.