ஒரே ஆளிடம் 3 கிடார் திருட்டு! கடைசி கிடார் எங்கே?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். 1983-ம் ஆண்டு. நோயில் விழுந்து கிடந்தார் ஒரு கிடார் வித்வான். வயது 47. குடியினால் ஈரல் கெட்டுப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு ஆசாமி அவருடைய கிடாரைத் தூக்கிக் கொண்டு கம்பி நீட்டி விட்டான்!

சில நாள்தான். ஆகஸ்டு 2-ந் தேதி வித்வான் கண்ணை மூடினார். கிடார் இன்று வரை கிடைக்கவில்லை.

இறந்தவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். "யாரப்பா அது?" என்று கேட்பீர்கள். அமெரிக்காக்காரர்களே ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அவர் வாசித்த பாட்டுகளைக் கேட்காத ஆளே அங்கு கிடையாது. "மை கேர்ள்", "பெர்னடெட்", "வாட்ஸ் கோயிங் ஆன்" எல்லாவற்றிலும் அடியில் உருண்டு ஓடுகிறதே ஒரு சத்தம், அது இவர் கைவரிசை.

அவரிடம் திருடு போனது இது முதல் தடவை அல்ல. முதலில் வைத்திருந்தது கறுப்புப் பூச்சு பூசிய கிடார். நண்பர் ஒருவர் கொடுத்தது. அது போயிற்று. அடுத்து ஒன்று வாங்கினார். அதுவும் போயிற்று. மூன்றாவதாக வாங்கியதுதான் 1962-ம் வருட மாடல் பென்டர் பிரிசிஷன். பிரபலமான பாட்டுகளில் பெரும்பாலானவை அதில் வாசித்தவை. கடைசியில் அதையும் விட்டு வைக்கவில்லை, பாவிகள்!

பேஸ் என்றால் என்ன?

சாதாரண கிடாருக்கு 6 கம்பி. பேஸ் கிடாருக்கு 4. தடித்த கம்பி, நீண்ட கழுத்து. சினிமாப் பாட்டில் மேலே வயலினும் புல்லாங்குழலும் போய்க் கொண்டிருக்கும். கீழே "தும்... துதும்" என்று ஒன்று பாட்டைத் தூக்கிக் கொண்டு நடக்கும். அதுதான் பேஸ். அது நின்று போனால்தான் "என்னமோ குறையுதே" என்று தெரியும்.

அதன் அடிக் கம்பி வினாடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. பஸ்சில் கையடக்க ரேடியோவிலோ செல்போனிலோ பாட்டு கேட்கிறவர்களுக்கு அந்த 41 வந்து சேர்வதே இல்லை. சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு சக்தி கிடையாது. அதற்கு மேலே வரும் துணை ஒலிகளைக் கேட்டு, அடி ஒலியை நம் காதே ஊகித்துக் கொள்கிறது. விசித்திரம்தான்!

1951-க்கு முன்பு வாத்தியக் கோஷ்டிகளில் ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பேஸ் நிற்கும். அதைக் கார் மேல் கட்டி எடுத்துப் போக வேண்டும். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ பென்டர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் மாட்டுகிற மின்சார பேஸ் செய்து 1951-ல் விற்பனைக்கு விட்டார். வீணையில் இருப்பது போல மெட்டு வைத்தார். விரலை வைத்தால் சுருதி தவறாது. அதனால்தான் "பிரிசிஷன்", அதாவது துல்லியம் என்று பெயர்.

வாங்கப் போகிறீர்களா?

உங்கள் பையனோ தம்பியோ "பேஸ் வாங்கித் தா" என்று பிடிவாதம் பிடித்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள். பையன் கழுத்தை அல்ல, கிடார் கழுத்தை! தச்சர் பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி. கோணலாக முறுக்கிக் கொண்டிருந்தால் கீழே வைத்து விட்டு நடையைக் கட்டுங்கள். லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, சரி செய்யலாம். முறுக்கிக் கொண்டதைச் சரி செய்வது பெரிய செலவு.

அப்புறம் 4 கம்பியிலும் ஒவ்வொரு மெட்டாக விரல் வைத்து மீட்டிப் பாருங்கள். எங்காவது "கிர்ர்" என்று இரைகிறதா? குமிழைத் திருகினால் கரகரக்கிறதா? சாவி வழுக்குகிறதா? கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்பார். அவசரப்படாதீர்கள்.

பிரிசிஷன் வகையில் காந்தச் சுருள் நடுவில் இருக்கும், இரண்டு துண்டாக வெட்டினாற்போல. இரைச்சல் இல்லாத உருண்டையான சத்தம். 1960-ல் வந்த ஜாஸ் வகையில் இரண்டு சுருள், மெல்லிய கழுத்து. அதில் ஒரு சுருளை மட்டும் திறந்து வைத்தால் "உம்ம்" என்று கரண்ட் சத்தம் கேட்கும். இரண்டையும் ஒரே அளவு திறந்தால் அடங்கி விடும். சின்னக் கை உள்ளவர்களுக்குக் குட்டை ரகமும் உண்டு. நெட்டை ரகத்தில் கம்பியின் மீட்டும் நீளம் 34 அங்குலம். குட்டையில் சுமார் 30.

லண்டனில் நடந்த கூத்து!

குட்டை ரகத்துக்கு உலகப் பிரசித்தி வாங்கிக் கொடுத்தவர் பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி. 1961-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் வாசித்துக் கொண்டிருந்தபோது பென்டர் வாங்க ஆசைதான். 100 பவுன் ஆகும். கையில் அவ்வளவு காசு ஏது? 30 பவுனுக்கு வயலின் வடிவத்தில் ஒரு ஹோஃப்னர் வாங்கினார். அவர் இடது கைக்காரர். வயலின் வடிவம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. உள்ளே வெற்றுக் கூடு, ஆகவே எடையும் குறைவு. சமாளிப்பாக வாங்கியதுதான் கடைசியில் அடையாளமாகி விட்டது.

1972-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி இரவு, லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நின்ற வேனில் இருந்து அந்தக் கிடார் மாயம்! எடுத்தவன் அதை ஒரு சாராயக் கடைக்காரரிடம் தள்ளி விட்டான். விலை? சில பவுன் காசும், கொஞ்சம் பீரும்! ஆயிரக்கணக்கான ரசிகைகள் அலறிய கிடாருக்கு அந்த மரியாதை.

அது ஒரு வீட்டுப் பரணில் பல வருடம் தூங்கியது. ஹோஃப்னர் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரும், ஒரு பத்திரிகையாளர் தம்பதியும் விடாமல் துப்புத் துலக்கினார்கள். 2023-ல் உலகம் முழுவதும் "பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று அறிவிப்பு கொடுத்தார்கள். போலீஸ் கேஸ் மாதிரியே நடந்த வேட்டை! கடைசியில் பரணில் கிடந்தது வெளியே வந்தது. ஹோஃப்னர் கம்பெனியார் சோதித்து "இதுவேதான்" என்றார்கள். ரிப்பேர் செய்யப்பட்டு, 2024 டிசம்பரில் லண்டன் மேடையில் மெக்கார்ட்னி தோளில் மறுபடி ஏறியது.

ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிமாட்டு விலைக்கு ஒருவன் நல்ல கிடார் கொடுக்கிறான் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கம்பெனி நம்பரைப் பாருங்கள். சுரண்டியிருந்தால் தொடாதீர்கள். சொந்தக் கிடார் வைத்திருப்பவர்கள் நம்பரையும், தழும்பு, கீறல் எங்கே என்பதையும் எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். நம்பர் தெரியாமல் ஸ்டேஷனுக்குப் போனால் ஏட்டையா என்ன எழுதுவார்? "பழுப்பு நிறக் கிடார் ஒன்று" என்றா?

திருப்புளி வேலை

வாங்கிய கிடாரை அப்படியே வாசிக்கக் கூடாது. முறைப்படுத்த வேண்டும். கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. கம்பி இழுக்கிற இழுப்புக்கு எதிராக நிற்பது அதுதான். முதலில் சுருதி சேருங்கள். ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவில் 7-வது மெட்டுக்கு மேல் தடித்த காகிதம் நுழைகிற அளவு இடைவெளி இருக்கணும். அதிகம் என்றால் தண்டை முறுக்கணும், இல்லையென்றால் தளர்த்தணும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். பலம் காட்டினால் தண்டு முறிந்து, கிடார் விறகாகி விடும்.

அதன் பிறகு குதிரையில் கம்பியின் உயரம். 12-வது மெட்டில் 2 முதல் 2.5 மில்லி மீட்டர் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. கடைசி வேலை சுருதிச் சோதனை. 12-வது மெட்டுக்கு நேரே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரைத் துண்டைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் முன்னால். மழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து வளைவு மாறும். அப்போது மறுபடி பார்க்கணும்.

இவ்வளவும் சொன்னேனே, நம்ம ஜேமர்சன் இதில் ஒன்றையும் செய்யவில்லை! கம்பி உயரமோ உயரம். மற்றவர்கள் அழுத்திப் பார்த்து விட்டு "நம்மால் ஆகாது" என்று திருப்பிக் கொடுப்பார்களாம். வழவழப்பான பட்டைக் கம்பி, தடித்த ரகம். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கு இருந்தால்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. குதிரை மூடிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பாஞ்சு. அதனால் சத்தம் இழுக்காது, "தும்" என்று விழுந்து நின்று விடும். வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்றுதான் மீட்டும். அதற்குக் "கொக்கி" என்று பட்டப் பெயர்!

வீட்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ

டெட்ராய்ட் நகரில் சாதாரண வீடு ஒன்று. 1959-ல் மோடவுன் கம்பெனி அதை வாங்கி, பின்பக்கம் ஸ்டூடியோ ஆக்கியது. வாசிப்பவர்கள் அதைப் "பாம்புக் குழி" என்றார்கள். அங்கே பேஸ் கிடாருக்கு மைக் வைக்கவில்லை. வயரை நேராகப் பதிவு மேஜையில் சொருகினார்கள். கிடாரில் இருந்த குமிழ்கள் முழுக்கத் திறந்தபடி.

இன்று வீட்டில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவர்களும் அதே வழியில் போகலாம். டி.ஐ. பெட்டி என்று ஒன்று விற்கிறது. கிடாருக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவில் சொருகினால் சத்தம் சாவதில்லை, இரைச்சலும் குறையும். ஆம்ப்ளிபயர் இருந்தால் அதன் முன்னே சில அங்குலத்தில் மைக் வைத்து அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிற்பாடு இரண்டையும் கலக்கலாம். முள் சிவப்பில் ஏற விடாதீர்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள். டிரம்சில் காலால் உதைக்கிற பெரிய டிரம்மும் பேசும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அது பிசகினால் எந்தக் கருவி வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

ஜேமர்சன் பெயர் இசைத்தட்டு அட்டையில் வந்தது 1971-ல்தான், "வாட்ஸ் கோயிங் ஆன்" ஆல்பத்தில். அதுவரை வருடக்கணக்காக ஹிட் மேல் ஹிட், பெயர் மட்டும் கிடையாது. 1983-ல் மோடவுன் 25-வது ஆண்டு விழா டெலிவிஷனுக்காக அமர்க்களமாக நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. பிளாக்கில் டிக்கெட் வாங்கிக் கொண்டு மாடியில் உட்கார்ந்து பார்த்தார். மேடையில் பாடியவர்களின் பழைய ஹிட்டுகளில் வாசித்த ஆள் அவர்! சில மாதத்தில் செத்தும் போனார். 2000-ம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் பெயரைச் சேர்த்தார்கள்.

காணாமல் போன கிடாரின் அடையாளம் வருமாறு: 1962 பென்டர் பிரிசிஷன். நடுவில் மஞ்சளும் ஓரம் கறுப்புமாக மங்கும் பூச்சு. ஆமை ஓடு நிறத் தகடு. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் அவரே செதுக்கி, நீல மையில் தீட்டிய "ஃபங்க்" என்ற சொல்.