கிரவுண்டில் புலி, ஒர்க்‌ஷாப்பில் பூனை

செகண்ட் இயர். ஃபுட்பால் செலக்‌ஷனுக்கு இன்னும் ரெண்டு வாரம். காலை 5:45-க்கு கிரவுண்ட், 7:15 வரை ஓட்டம். அப்புறம் பாத்ரூம் க்யூ. மெஸ்ஸுக்குப் போய்ச் சேரும்போது டிபன் காலி. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். ஒன்பது மணிக்கு ஒர்க்‌ஷாப். லேத் முன்னாடி நின்று ஜாப்பை சக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கியது, கண் இருட்டியது. பக்கத்தில் இருந்தவன் பிடித்து உட்கார வைத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு இப்போ நினைத்தாலும் வயிற்றைக் கலக்குது.

அன்னைக்கு ராத்திரி ரூமில் கிடைத்த தீர்ப்பு: "மச்சி, உனக்கு புரோட்டீன் பத்தல. பவுடர் வாங்கு." விலையைப் பார்த்ததும் மறுபடியும் கண் இருட்டியது. ஆனால் எனக்குப் பத்தாமல் போனது புரோட்டீன் இல்லை.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் குளுக்கோஸாக மாறி, மிச்சம் இருப்பது கிளைகோஜன் என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இதில் ஒரு விஷயம் நம்ம ஆளுங்களுக்கு சுலபமா புரியும். தசைக்குள் போன குளுக்கோஸ் திரும்ப ரத்தத்துக்கு வராது. டையோடு மாதிரி ஒருவழிப் பாதை. ரத்தத்தில் சர்க்கரையை விழாமல் பார்த்துக்கொள்வதும், மூளைக்கு சப்ளை கொடுப்பதும் பெரும்பாலும் கல்லீரல் ஸ்டாக்தான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் நடுவில் பத்து மணி நேரப் பட்டினி. தூங்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை, அந்த ஸ்டாக்கைத்தான் தின்றுகொண்டிருக்கும். மிச்சத்தை நாம் கிரவுண்டில் ஓடித் தீர்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு லேத் முன்னாடி போய் நிற்கிறோம்.

அதனால் முதல் ரிப்பேர் காலையில் இல்லை, முந்தின நாள் ராத்திரியில். தொப்பை குறையணும்னு ராத்திரி சாப்பாட்டை கட் பண்ணிவிட்டு, காலையில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறவர்கள் நம் பிளாக்கிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். சோற்றை விரோதியாகப் பார்த்து, முட்டை வெள்ளையை மட்டும் எண்ணி எண்ணித் தின்பவர்களும் உண்டு. சோர்வு பற்றி அதிகம் புலம்புவதும் அவர்கள்தான்!

கிரவுண்டுக்குக் கிளம்பும் அரை மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். முழு டிபன் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வாந்திதான் வரும். முடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து உள்ளே போகணும். காலியான தசை குளுக்கோஸை வேகமாக இழுத்துக்கொள்ளும் நேரம் அது. நாலு இட்லி, சாம்பார், ரெண்டு வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் முட்டையிலும் பாலிலும் மட்டுமே 18 கிராம் புரதம் பக்கமா வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு சுண்டல் இருக்கிறது. மெஸ் மூடிவிட்டதா? கடலைமிட்டாய். வெல்லமும் கடலையும் ஒரே கட்டியில், ஃப்ரிட்ஜ் வேண்டாம், பையிலேயே கிடக்கும். பவுடர் விற்பவர்கள் இதை ஏன் விளம்பரம் பண்றதில்லைன்னு தெரியும்தானே?

அடுத்தது தண்ணீர். நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் விளையாடினால் ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், கொழுப்பு இல்லை. கூடவே உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், இல்லை சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சை ஜூஸ், எது கிடைத்தாலும் சரி. கேன்டீனில் டின்னில் வரும் எனர்ஜி டிரிங்க் அசதியை கஃபீன் போட்டு மறைக்கும். சர்க்கரை கொஞ்சம் ஏறும்தான், ஆனால் போன உப்பும் புரதமும் அதில் வராது. இன்னொன்று: ஓடி முடித்ததும் டக்கென்று நின்றுவிட்டால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்க.

இதெல்லாம் பண்ணியும் சரியாகவில்லை என்றால்? கோ-கோ டீமில் இருக்கும் என் கிளாஸ்மேட் வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவாள். ஆனாலும் மூணாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும். டெஸ்ட் எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. 'பேரீச்சம்பழம் தின்னா ரத்தம் ஊறும்' என்பதை நம்பி அவள் மூணு மாசம் ஓட்டிவிட்டாள். 100 கிராம் பேரீச்சையில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் மாற்றம் தெரிந்தது. கூடவே ரெண்டு பழக்கம் மாறியது: சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ போனது, ஏனென்றால் அது இரும்பை உடம்பில் சேரவிடாது. பருப்பு, கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ வந்தது.

விளையாடும்போதே மயங்கி விழுவது, நெஞ்சு வலி, கடும் பயிற்சிக்குப் பின் கோலா நிறத்தில் சிறுநீர் போவது, இவை வந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

பிராக்டிஸ் போகிறவர்களுக்கு மட்டும் 7:15-க்கே மெஸ்ஸில் இட்லியும் முட்டையும் எடுத்து வைக்கச் சொல்லி ஒரு மனு தயார் பண்ணியிருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் சாயங்காலம் கிரவுண்டுக்கு வாங்க, பேப்பர் என் பையில்தான் இருக்கும். கடலைமிட்டாயும் இருக்கும்.