பாலூட்டும் ஈ

ஈ என்றால் கொத்துக் கொத்தாக முட்டையிட்டுப் பெருகும் என்றுதான் நமக்கு நினைப்பு. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் வாழும் செட்சி ஈ அப்படியல்ல. பெண் ஈக்கு ஒரு நேரத்தில் ஒரே முட்டைதான்; அதையும் வெளியே இடாது. முட்டை கருப்பைக்குள்ளேயே பொரிந்து, புழு அங்கேயே வளர்கிறது. அதற்கு உணவு தாய்ப்பால்! வயிற்றுக்குள் கிளைகிளையாகப் பரவிய ஒரு சுரப்பி, கொழுப்பும் புரதமும் செறிந்த பாலைச் சுரந்து புழுவுக்கு ஊட்டுகிறது. ஒன்பது, பத்து நாளில் ஏறக்குறைய தாயின் எடையோடு பிள்ளை பிறக்கும். பிறந்ததும் இரை தேடாது. நிழல் மண்ணைத் துளைத்துப் புதைந்து கூட்டுப்புழுவாகிவிடும். சுமார் ஒரு மாதம் கழித்துச் சிறகோடு மேலே வரும்.

இத்தனையும் ஈ குடிக்கும் இரத்தத்திலிருந்து வருகிறது. கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். செட்சியில் ஆணும் கடிக்கும். இரத்தத்தில் பி வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பது, ஈயின் உடலுக்குள் குடியிருக்கும் விகிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியா. அது இல்லாவிட்டால் பெண் ஈ மலடாகிவிடும். அந்தப் பாக்டீரியாவும் பாலோடு சேர்ந்தே பிள்ளைக்குப் போகிறது. இந்த ஈயிடம் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

ஆனால் இந்தத் தாய் கடிக்கும்போது, டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் நம் உடலுக்குள் இறங்கலாம். மாடுகளை மெலியவைத்துக் கொல்லும் நகானா நோய்க்கு இதுவே காரணம் என்று தென்னாப்பிரிக்காவின் சூலுலாந்தில் 1895 வாக்கில் கண்டறிந்தவர் டேவிட் புரூஸ். மனிதரில் இது தூக்க நோய். கிருமி மூளைக்குள் புகுந்தால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, மனக்குழப்பம். சிகிச்சையில்லாமல் பிழைப்பது அரிது. நெடுங்காலம் இருந்த மருந்து, ஆர்செனிக் கலந்த மெலார்சோப்ரோல் ஊசி. அது நோயாளிகளில் சுமார் 5 சதவீதம் பேரைக் கொன்றுவிடும். அது தெரிந்தும் வேறு வழியின்றிக் கை நீட்டியவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஒற்றைப் பிள்ளையாகப் பெற்று வளர்ப்பதே இந்த ஈயின் பலவீனமும். வழக்கமான சாவுக்கு மேல் நாளுக்கு நூற்றில் நான்கு பெண் ஈக்களைக் கொன்று வந்தாலே போதும், காலப்போக்கில் அந்தக் கூட்டமே அற்றுப்போகும். கொசுவிடம் இந்தக் கணக்கு செல்லாது. செட்சியை நீல நிறம் ஈர்க்கும் என்பதால், ஆற்றோரப் புதர்களில் பூச்சிக்கொல்லி தோய்த்த சிறு நீலத் துணிகளை நட்டுவைக்கிறார்கள். வந்து மோதும் ஈ செத்துவிழும். சான்சிபாரின் உங்குஜா தீவில் வேறு உத்தி. பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறைதான் இணைசேரும் என்பதால், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களை லட்சக்கணக்கில் வானிலிருந்து விட்டார்கள். 1997-ல் அந்தத் தீவு செட்சி அற்றதானது.

இருந்தாலும் மனிதரில் நோய் குறைந்ததற்கு முதல் காரணம், கிராமம் கிராமமாகப் போய் இரத்தம் சோதித்த நடமாடும் குழுக்கள்தான். 1998-ல் 40,000-ஐ நெருங்கிய நோயாளிகள், 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழ். அதே 2018-ல் தூக்க நோய்க்கான ஃபெக்சினிடசோல் மாத்திரைக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆர்செனிக் ஊசிக்குக் கை நீட்டிய இடத்தில், இன்று பெரும்பாலானோருக்குப் பத்து நாள் மாத்திரை போதும்.