சிற்றின நாய்க்குட்டியை வீட்டில் பராமரித்தல்

கமக்காரனின் இல்லத்தில் நாய்க்கு என்றும் ஓரிடம் உண்டு. களத்திற் கிடக்கும் சூட்டைக் காக்கவும், தோட்டத்துள் நுழையும் பன்றியை விரட்டவும், இரவில் அந்நியர் வரவை அறிவிக்கவும் நாட்டு நாயே போதுமானது. அஃது எஞ்சிய சோற்றை உண்டு, மாட்டுக் கொட்டிலின் ஓரத்திற் படுத்துத் தானே வளர்ந்துவிடும். அண்மைக் காலத்திலோ, பட்டினத்து உறவினர் கொணர்ந்து கொடுப்பதனாலும் பிள்ளைகளின் விருப்பத்தினாலும், பொமரேனியன், டாஷண்ட் முதலிய சிற்றின நாய்க்குட்டிகள் கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. நாட்டு நாயை வளர்த்த முறையிலேயே இவற்றையும் வளர்க்கலாமென எண்ணுவோர், குட்டியை முதல் மாதத்திலேயே இழக்க நேரிடுதல் உண்டு.

எட்டு வாரம் நிறைந்த பொமரேனியன் குட்டி பெரும்பாலும் ஒரு கிலோகிராம் நிறைகூட இராது. அத்துணைச் சிறிய உடலில் சேமிப்பென்று யாதுமில்லை. ஒருவேளைப் பட்டினி, ஓர் இரவுக் குளிர், சிறிதளவு நஞ்சு ஆகியன பெரிய நாயை வருத்துவதோடு நிற்க, இக்குட்டியைக் கொன்றுவிடும். இதனை மனத்திற்கொண்டால் ஏனைய விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. பிரித்துக் கொணர்ந்தபின், பனையோலைக் கடகமொன்றில் பழஞ்சாக்கையும் அதன்மேற் பழந்துணியையும் இட்டு, காற்றுப் புகாத மூலையொன்றில் வைத்தல் போதும். மாரிகாலத்தில் ஈரத் தரையிற் படுக்கவிடுதல் கூடாது. முதல் இரண்டு மூன்று இரவுகளில் குட்டி தாயை நினைந்து அழும். அதன்பொருட்டு அதனை அடித்தல் பயனற்றது. மனிதர் உறங்கும் அறைக்கு அண்மையில் கடகத்தை வைத்தால் அழுகை தானே தணியும்.

உணவு

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு முறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று முறையும் சிறிது சிறிதாக உணவளித்தல் வேண்டும். வயலுக்குச் செல்வோர் காலையில் ஒரு முறை சோறு வைத்துவிட்டு மாலையில் திரும்புதல் இக்குட்டிக்குப் பொருந்தாது. நெடுநேரம் உண்ணாதிருந்தால் அதன் இரத்தத்திலுள்ள சீனி குறைந்து, கால்கள் தள்ளாடும், உடல் நடுங்கும், பின் வலிப்புத் தோன்றும். அந்நிலையில் சிறிது தேனையோ சீனிப்பாணியையோ விரலில் தொட்டு ஈறிலே தடவி, குட்டியைத் துணியாற் போர்த்தி, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல்க. நினைவிழந்த குட்டியின் வாயில் எதனையும் ஊற்றுதல் ஆகாது. ஊற்றினால் அது சுவாசப்பையுட் செல்லும்.

வெறுஞ்சோறு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. குழைய வேகவைத்த சோற்றுடன் முள் நீக்கிய அவித்த மீன், முட்டை, கோழியிறைச்சி ஆகியவற்றுள் ஒன்றைத் தாராளமாகச் சேர்த்தல் வேண்டும். குட்டிகளுக்கென விற்கப்படும் ஆயத்த உணவை வாங்க வசதியுள்ளோர் அதனை நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். பசுப்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

வெங்காயச் செய்கைக்காரர் ஒன்றைச் சிறப்பாக அறிதல் வேண்டும். சின்ன வெங்காயமாயினும் பெரிய வெங்காயமாயினும், பச்சையாயினும் கறியில் வெந்ததாயினும், நாயின் இரத்தத்திலுள்ள செவ்வணுக்களை அழிக்கும் இயல்புடையது. உள்ளியும் அவ்வாறே. ஆகவே எஞ்சிய கறியையும் சொதியையும் சோற்றிற் பிசைந்து வைக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளையும் முந்திரிகைப் பழமும் நாய்களிற் சிலவற்றின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தீங்கு செய்யுமென முன்கூட்டிக் கூறவியலாதாகையால், பந்தலின்கீழ் உதிர்ந்த பழங்களைக் குட்டி பொறுக்கவிடுதல் தகாது.

தோட்டத்து நஞ்சுகள்

பட்டினத்து வீட்டிலில்லாத ஆபத்தொன்று கமக்காரன் வீட்டில் உண்டு. பீடைநாசினிப் போத்தல், நஞ்சூட்டிய எலியிரை, நத்தைக்கு இடும் குறுணி, எலும்புத்தூள் கலந்த பசளை, ஆமணக்கம் பிண்ணாக்கு ஆகிய யாவும் குட்டியின் மூக்கு எட்டும் உயரத்திலேயே இருப்பது வழக்கம். இவற்றுட் சில மணத்தினால் நாயை இழுப்பன. பூட்டுள்ள பெட்டியில், தரையினின்றும் உயர்த்தி வைத்தலே காப்பு. தெளிகருவியைக் கழுவிய நீர் தேங்கிய குழியும், தெளிக்கும்போது அணிந்த உடுப்பும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கன.

உண்ணியும் தெள்ளும் பற்றினால், பயிருக்குத் தெளிக்கும் மருந்தில் ஒரு மூடியை நீரிற் கலந்து நாயைக் குளிப்பாட்டுவோர் உளர். இதனிலும் கொடிய தவறு பிறிதில்லை. அம்மருந்து தோலினூடாகவே உட்சென்று நரம்பைத் தாக்கும். குட்டி தன் உடலை நக்கும்போது வாய்வழியாகவும் செல்லும். எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், தசை துடித்தல் என்பன அதன் அறிகுறிகள். மண்ணெண்ணெய் பூசுதலும் தோலைப் புண்ணாக்குவதாகும். சிறு குட்டிக்கு உண்ணிகளைச் சிமிட்டாவினாற் பற்றி ஒவ்வொன்றாகப் பிடுங்குதலும், அதன் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ப மிருக வைத்தியர் கொடுக்கும் மருந்தை இடுதலுமே தக்கவை.

நஞ்சுண்டதெனச் சந்தேகம் எழுந்தால், உப்பு நீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, மருந்துப் போத்தலின் சுட்டித்துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் விரைக. எலி நஞ்சுகளுள் ஒருவகை இரத்தம் உறைவதைத் தடுப்பது; அதன் விளைவு சில நாள் கழித்தே வெளிப்படும். இன்று குட்டி துள்ளி விளையாடுகின்றதெனக் கண்டு வாளாவிருத்தல் கூடாது.

குடற்புழுவும் தொற்று நோய்களும்

குட்டி பிறக்கும்போதே வட்டப்புழுவைத் தாயின் கருப்பையிலிருந்து பெற்று வருதல் சாதாரணம். வயிறு பருத்து, முதுகெலும்பு தெரிந்து, ஈறு வெளுத்த குட்டி கொழுத்த குட்டியன்று. புழு நிறைந்த குட்டியாகும். இரண்டு வார வயது முதல் பன்னிரண்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுத்தல் வேண்டும். வாங்கும்போதே எத்தனை முறை கொடுக்கப்பட்டதெனக் கேட்டறிக. கொளுக்கிப்புழுவில் ஓரினம், 1911 ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப் பூனையிலிருந்து விவரிக்கப்பட்டமையால் இந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அது நாயிலிருந்து மனிதனுக்கும் தொற்றவல்லது. அதன் இளம்புழு ஈரமண்ணில் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். எனவே நாயின் மலத்தை நாள்தோறும் அள்ளி ஆழப் புதைத்தல் வேண்டும். மரக்கறிப் பாத்திக்கு இடும் கூட்டெருவில் அதனைச் சேர்த்தல் ஆகாது.

1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ நோய், குருதி கலந்த கழிச்சலையும் இடைவிடா வாந்தியையும் உண்டாக்கிச் சில நாட்களுள் குட்டியைக் கொல்லும். அதன் கிருமி மண்ணிற் பல மாதங்கள் உயிர்வாழும். ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசி போடுவித்தல் வேண்டும். அவை முடியும்வரை குட்டியைத் தெருவுக்கோ பிற நாய்கள் திரியும் இடத்துக்கோ கொண்டுசெல்லற்க. வயல் நீரில் விளையாடவும் விடற்க. உழவரை வருத்தும் எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும். பற்றிய நாயின் சிறுநீர் வீட்டாருக்கும் அந்நோயைக் கொடுக்கும்.

டாஷண்ட் வளர்ப்போர், நீண்ட முதுகையுடைய அந்நாய் திண்ணையிலிருந்து குதிக்காமலும் மிகக் கொழுக்காமலும் பார்த்தல் வேண்டும்; முள்ளந்தண்டின் இடைத்தட்டு விலகிப் பின்கால்கள் செயலிழத்தல் அவ்வினத்துக்கு உரிய குறைபாடு. பொமரேனியனின் அடர்ந்த உரோமத்தை வெப்பத்துக்கு அஞ்சி ஒட்டச் சிரைத்தலிலும், நண்பகலில் நிழலும் நீரும் கொடுத்தலே நன்று. பிள்ளைகள் குட்டியை முன்கால்களிற் பற்றித் தூக்காது, ஒரு கையை மார்பின் கீழும் மறுகையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்துத் தூக்கப் பழகுதல் வேண்டும்.

நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி எல்லா நாய்க்கும் இன்றியமையாதது. சிறிய நாய், வீட்டை விட்டு வெளியேறாத நாய், பிள்ளையோடு உறங்கும் நாய் என்பன விலக்குக்குக் காரணங்களல்ல. பிள்ளையோடு உறங்குவதாலேயே அதற்கு முதலிற் போடுதல் வேண்டும். மிக இளங்குட்டிக்குப் போட்டிருப்பின் வைத்தியர் குறிக்கும் நாளில் மீண்டும் போடுவித்து, பின்னர் ஆண்டுதோறும் தொடர்க. அரசாங்கத்தார் இவ்வூசியை இலவசமாகப் போடுகின்றனர். இடத்தையும் நாளையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறியலாம். விளையாட்டாகக் குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காத்திருத்தல் ஆகாது. குட்டியைக் கொல்லாது கட்டிவைத்துப் பதினான்கு நாள் அவதானித்து, அதன் நிலையை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.